தொட்டிச் செடியைத் தின்பது எந்த மீன்? கேள்வி - பதில்

சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே புகார்: செடி காணாமல் போகிறது.

இரண்டடித் தொட்டி. கப்பி, நியோன் டெட்ரா, கோரி, இரண்டு சில்வர் டாலர். ஒரு கட்டு ஹைட்ரில்லா இரண்டே நாளில் மொட்டைத் தண்டாகிவிட்டது. யார் வேலை?

சில்வர் டாலர்தான், சந்தேகமே வேண்டாம். பிரானாவுக்கு உறவு என்றாலும் அதன் சாப்பாடு இலைதழை. 15 செ.மீ. வரை வளரும், கூட்டமாக வாழும். இரண்டடி அதற்குப் போதவே போதாது. கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஐயா, என் மீன்கள் செடியைத் தின்கின்றன. எந்த மீன் என்று சொல்லவும்.

மீனின் பெயர் இல்லை, செடியின் பெயர் இல்லை, தொட்டி எத்தனை அடி என்றும் இல்லை. இதை வைத்து நான் என்ன சொல்வது? முதலில் இலையைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஓரம் பிறை பிறையாகப் போயிருந்தால் மீன் கடித்தது. மேல்தோல் சுரண்டப்பட்டு நரம்பு தெரிந்தால் பண்டாராயா, அதாவது கண்ணாடியில் ஒட்டிப் பாசி சுரண்டும் உறிஞ்சுவாய் மீன். செடி முழுசாக மிதந்தால் யாரும் தின்னவில்லை. ஆஸ்காரோ பிளவர்ஹார்னோ மணலைத் தோண்டிப் பிடுங்கிவிட்டது. பழைய இலைகளில் மட்டும் ஊசித்துளை விழுந்து, சுற்றிலும் மஞ்சள் படர்ந்தால் பொட்டாசியம் போதவில்லை.

அப்படியும் பிடிபடவில்லையா? ஒரு தண்டைக் கிள்ளி, நத்தை ஒட்டாமல் அலசி, தொட்டித் தண்ணீரோடு கண்ணாடி ஜாடியில் போட்டு, தொட்டி வெளிச்சத்திலேயே ஒரு வாரம் வையுங்கள். ஜாடியிலும் துளை விழுந்தால் மீன் மேல் பழி இல்லை. அப்புறம் எழுதுங்கள், பெயர்களோடு.

கிரிப்டோகோரைன் வாங்கி நட்டு ஒரு வாரம். இலையெல்லாம் கூழாகிவிட்டது. நியோன் டெட்ரா தின்னுமா?

தின்னாது. இடம் மாறினால் அந்தச் செடி இப்படித்தான் கரையும். அழுகிய இலையை மட்டும் வெட்டுங்கள், வேரைப் பிடுங்காதீர்கள். மூன்று நான்கு வாரத்தில் புதுத் துளிர் வரும்.

அமேசான் சோர்ட் இலைகள் சல்லடையாகிவிட்டன. பகலில் எந்த மீனும் செடிப் பக்கம் போவதில்லை. ஏஞ்சல், கோரி, ஓரடிக்கு வளர்ந்த பண்டாராயா இருக்கின்றன. பண்டாராயாவைத் தோட்டத்து ஆற்றில் விட்டுவிடலாமா?

விடக் கூடாதம்மா. செடிக் கதை அப்புறம். இது தென் அமெரிக்க மீன். உடம்பு முழுக்கக் கவசம். அதை விழுங்க நம் ஆற்றில் எந்த மீனும் சுலபத்தில் முன்வராது. முட்டையிடக் கரையைக் குடைந்து வளை தோண்டும், கரை சரியும். கிள்ளான், லங்காட் ஆறுகளில் வலை வீசுகிறவர்களைக் கேளுங்கள், என்ன ஏறுகிறது என்று சொல்வார்கள். அத்தனையும் யாரோ ஒருவர் தொட்டியிலிருந்து தொடங்கியதுதான். சாக்கடையும் ஆற்றுக்குத்தான் போகிறது, அதிலும் விடாதீர்கள்.

எனக்குக் கோபம் விற்பவர்கள் மேல்தான். இரண்டு அங்குலக் குஞ்சைக் காட்டி, "கண்ணாடி கழுவும் மீன்" என்று சில வெள்ளிக்குத் தள்ளிவிடுகிறார்கள். ஒன்றரை அடி வரை வளரும் என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன? தொட்டி கொள்ளாதபோது வாங்கியவர் வாளியோடு ஆற்றுக்கு நடக்கிறார்.

சரி, செடி. விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்து, டார்ச்சில் சிவப்புத் தாள் சுற்றிக்கொண்டு பாருங்கள். சோர்டின் அகல இலையில் பண்டாராயா வயிற்றை ஒட்டிப் படுத்து, உறிஞ்சுவாயால் நடு இலையை மேலும் கீழும் தேய்த்துக்கொண்டிருக்கும். பாசி தீர்ந்த பசி. ஒரு துண்டு வெள்ளரிக்காயில் முள்கரண்டியைக் குத்தி இரவில் போடுங்கள், மூழ்கிக் கிடக்கும். காலையில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். வெந்நீரில் முக்கிய கங்குங் கீரையும் தரலாம். ஒரு மரக்கட்டையும் வையுங்கள். அப்படியும் இலை தப்பாவிட்டால் ஆறடித் தொட்டி வைத்திருப்பவருக்குக் கொடுங்கள். பாசிக்கு ஓட்டோசின்கிளஸ் என்ற சின்ன மீன் நாலைந்து போதும், செடியைத் தொடாது.

மணலுக்குள் கூம்பு கூம்பாகச் சின்ன நத்தைகள். இவைதானா?

இல்லை. அவை அழுகலையும் மிச்சத் தீனியையும் தின்பவை. பெருகினால் நீங்கள் தீனி அதிகம் போடுகிறீர்கள் என்று அர்த்தம். கண்ணாடியில் தண்ணீருக்கு மேலே இளஞ்சிவப்பு முட்டைக் கொத்து இருந்தால் அது நெல் வயலை மேயும் கொண்டாங் நத்தை. உடனே எடுத்துவிடுங்கள்.

தங்கமீனோடு எந்தச் செடி நிற்கும்?

அனுபியாஸ், ஜாவா பெரணி. கட்டையில் நூலால் கட்டுங்கள். கிழங்குத் தண்டை மணலில் புதைத்தால் அழுகும்.

மகன் ஆற்றில் பிடித்த நான்கு லம்பாமைத் தொட்டியில் விட்டான். மறுநாள் கபோம்பா செடி இல்லை. மீன்தானா?

வேறென்ன! குளத்தில் மரவள்ளி இலை போட்டு வளர்க்கிற மீன் அது, ஓரடி வரை வரும். குளம் வைத்திருப்பவருக்குக் கொடுங்கள். பிடித்த ஆறுதானே என்று திரும்ப விடாதீர்கள். கடை மீனோடு ஒரே தண்ணீரில் இருந்தது நோயையும் சுமந்துகொண்டு போகலாம்.