துணியை எடுத்துப் பார்க்காதீர்கள்

அன்புள்ள ஐயா,

பூந்தமல்லி சாலையில் ஒரு பைக் விபத்து. சாப்பாடு டெலிவரி செய்யும் பையன் ஒருவன் வண்டியை நிறுத்தி ஓடினான். அடிபட்டவரைத் தூக்கி உட்காரவைத்தான், ஹெல்மெட்டைக் கழற்றினான், தண்ணீர் கொடுத்தான். தொடையிலிருந்து ரத்தம் நிற்கவில்லை. துணியால் அழுத்துவதும் எடுத்துப் பார்ப்பதுமாக இருந்தான். ஆர்டர் தாமதமாகி ஒரு ஸ்டார்தான் கிடைத்ததாம். வேலை நேரத்தில் அவன் நின்றது சரியா? போலீஸ், கோர்ட் என்று அலையவேண்டி வராதா?

சரவணன், ஆவடி

அன்புள்ள சரவணன்,

நின்றது சரிதான். அதில் விவாதிக்க ஒன்றுமில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தம் சேர்த்த 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவியவர் மீது வழக்கு வராமல் காக்கிறது. பெயரைச் சொல்லச் சொல்லி அவரைக் கட்டாயப்படுத்தவும் முடியாது. போலீஸ் பயத்தை இத்தோடு விடுங்கள்.

அந்தத் தம்பியின் மனசு தங்கம். ஆனால் அவன் கைகள் செய்த எல்லாமே தவறு. அது அவன் குற்றமில்லை, யாரும் சொல்லித்தரவில்லை. இவ்வளவையும் பார்த்து எழுதிய நீங்கள், 108ஐ யார் அழைத்தார்கள் என்று ஒரு வரி எழுதவில்லையே! பக்கத்தில் நின்ற உங்கள் சட்டைப்பையிலும் போன் இருந்திருக்குமே?

தூக்கி உட்காரவைத்தால் கழுத்தெலும்போ முதுகெலும்போ முறிந்திருந்து தண்டுவடம் நசுங்கலாம். அடிபட்டவர் மூச்சுவிட்டுப் பேசுகிறார் என்றால் ஹெல்மெட் அப்படியே இருக்கட்டும், முன்கண்ணாடியை மட்டும் தூக்கிவிடுங்கள். மூச்சு இல்லை, வாந்தி அடைக்கிறது என்றால் மட்டுமே கழற்றவேண்டும். அதற்கும் இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் கழுத்தையும் தாடையையும் அசையாமல் பிடிக்க, மற்றவர் மெல்ல உருவ வேண்டும். தண்ணீர் கூடவே கூடாது. நினைவு தப்பினால் அது மூச்சுக்குழாய்க்குப் போகும். அறுவைச் சிகிச்சைக்கும் வயிறு காலியாக இருக்க வேண்டும்.

அந்தத் துணிதான் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. காயத்தின் வாயில் ரத்தம் உறைய நேரம் வேண்டும். எடுத்துப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் உறைந்ததைப் பிய்த்துவிடுகிறோம், முதலிலிருந்து தொடங்கவேண்டியதாகிறது. பெரியவர் உடம்பில் இருப்பதே சுமார் 5 லிட்டர் ரத்தம். ஆகவே பருத்தித் துணியை மடித்துக் காயத்தின் மேலேயே வைத்து, உள்ளங்கையின் அடிப்பகுதியால், முழங்கையை நீட்டி, உடல் எடை முழுவதும் இறங்கும்படி அழுத்துங்கள். குறைந்தது 10 நிமிடம். 'நின்றுவிட்டதா பார்க்கிறேன்' என்று யார் சொன்னாலும் கையை எடுக்காதீர்கள். துணி நனைந்தால் அதன்மேலேயே இன்னொன்று. கண்ணாடியோ கம்பியோ குத்தியிருந்தால் பிடுங்காமல் அதன் இரு பக்கமும் அழுத்துங்கள்.

கையிலோ காலிலோ அழுத்தியும் ரத்தம் பீய்ச்சினால், காயத்துக்கு நாலு விரல் மேலே, மூட்டைத் தவிர்த்து, 5 செ.மீ. அகலத் துணியைக் கட்டி, ஒரு குச்சியைச் செருகி ரத்தம் நிற்கும்வரை முறுக்கவேண்டும். கயிறும் ஒயரும் தசையை அறுக்கும், வேண்டாம். கட்டிய நேரத்தைக் குறித்து ஆம்புலன்ஸ்காரரிடம் சொல்லவேண்டும். அவர்கள் வரும்வரை அவிழ்க்கக் கூடாது.

வேலைக்குச் சேர்க்கும் அன்று செயலியை இயக்கக் கற்றுத்தரும் நிறுவனங்கள் இதற்கும் அரை நாள் ஒதுக்கவேண்டும். நாள் முழுக்கச் சாலையிலேயே இருப்பவர்கள் இவர்கள்தானே. உதவ நின்றவனுக்குத் தாமதக் கணக்கு ஓடக் கூடாது.

நீங்கள் அந்தத் தம்பியைத் தேடிப்பிடியுங்கள். அவன் பையின் பக்க ஜிப்பில் இரண்டு பருத்தித் துண்டு, ஒரு ஜோடி கையுறை, கட்டுப்போட அகலத் துணி ஒன்று வைத்துக்கொடுங்கள். அப்படியே உங்கள் வண்டியிலும் ஒரு செட்.