ரிப்போர்ட் கார்டில் மார்க் எங்கே? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மகள் இருமொழி சர்வதேசப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். ரிப்போர்ட் கார்டில் மார்க்கும் இல்லை, ரேங்கும் இல்லை. ‘தொடக்க நிலை’, ‘வளர்ந்து வருகிறது’, ‘எதிர்பார்த்த நிலை’ என்று கட்டம் கட்டமாக டிக் அடித்திருக்கிறார்கள். நன்றாகப் படிக்கிறாளா இல்லையா என்றே புரியவில்லை.

பதில்: உங்கள் எரிச்சல் நியாயமானதுதான். மார்க் என்றால் ஒரு பார்வையில் தெரிந்துவிடும் என்று பழகியவர்கள் நாம். இந்தக் கட்டங்கள் உங்கள் மகளைப் பக்கத்து பெஞ்சுக் குழந்தையோடு ஒப்பிடுவதில்லை. ‘மூன்று இலக்க எண்களைக் கூட்டத் தெரிகிறது’ என்பது மாதிரி ஒரு திறனை எழுதி வைத்துக்கொண்டு, அது வந்துவிட்டதா என்று மட்டும் பார்க்கின்றன. டீச்சரிடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: ‘எதிர்பார்த்த நிலை’ என்பது இந்த டெர்முக்கா, ஆண்டு இறுதிக்கா? ஆண்டு இறுதிக்கு என்றால் முதல் டெர்மில் ‘வளர்ந்து வருகிறது’ என்று வருவதில் கவலைப்பட எதுவுமில்லை, வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

மார்க்கும் போட்டு, கீழே இரண்டு வரி குறிப்பும் எழுதினால் என்ன குறைந்துவிடும் என்று சிலர் கேட்கிறார்கள். 1988-இல் கல்வி உளவியலாளர் ரூத் பட்லர் வெளியிட்ட ஆய்வில், குறிப்பு மட்டும் பெற்ற பிள்ளைகள் அடுத்த வேலையில் முன்னேறினார்கள். மார்க்கும் குறிப்பும் சேர்த்துப் பெற்றவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. எண்ணைப் பார்த்ததும் குறிப்பைப் படிக்க யாருக்குத் தோன்றும்? ஆனால் பள்ளிக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ‘ஆர்வமாகப் பங்கேற்கிறாள்’ என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே வரியைக் காப்பி பேஸ்ட் செய்தால் அது குறிப்பே இல்லை.

கேள்வி: பையனுக்கு எட்டு வயது. வீட்டில் மனக்கணக்கு பட்டென்று போடுகிறான். பள்ளியில் ஆங்கிலத்தில் நடக்கும் கணக்குப் பாடத்தில் மட்டும் பின்தங்கியிருக்கிறான் என்கிறார்கள். டியூஷன் சேர்க்கலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். முதலில் எந்தத் தாளில் தப்பு செய்தான் என்று வாங்கிப் பாருங்கள். வெறும் எண்களாக இருக்கும் கணக்கில் சரியாகவும் வாக்கியக் கணக்கில் தப்பாகவும் இருந்தால், வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ‘மாலாவிடம் 24 பென்சில் இருக்கிறது, அது ரவியிடம் இருப்பதைவிட 6 அதிகம், ரவியிடம் எத்தனை?’ இதை ஆங்கிலத்தில் படித்தால் ‘அதிகம்’ என்பதைப் பிடித்துக்கொண்டு கூட்டி 30 என்று எழுதுவான். இதே கணக்கை வீட்டு மொழியில் வாயால் சொல்லுங்கள். 18 என்று சொல்லிவிட்டால் அவனுக்குக் கணக்கு வருகிறது, ஆங்கில வாக்கியம்தான் காலை வாரிவிடுகிறது. அதிலும் 30 என்றே சொன்னால் மொழியின் மேல் மட்டும் பழி போட முடியாது, ஒரே மொழியில் வளரும் பிள்ளைகளே இந்தக் கணக்கில் தடுக்கி விழுவார்கள் என்பதும் உண்மை. அப்போது பென்சிலை மேஜையில் பரப்பி வைத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டியதுதான்.

விளையாட்டு மைதானத்தில் சரளமாக ஆங்கிலம் பேசுகிறானே என்பீர்கள். பேசும் மொழி வேறு, பாடம் படிக்கும் மொழி வேறு என்று மொழியியலாளர் ஜிம் கம்மின்ஸ் 1979-இலேயே பிரித்துக் காட்டினார். பேச்சு வழக்கு ஒன்றிரண்டு ஆண்டுகளில் வந்துவிடும், பாடம் படிக்கத் தேவையான மொழி சக மாணவர்கள் அளவுக்கு வர ஐந்திலிருந்து ஏழு ஆண்டுகள்கூட ஆகலாம். அதனால் எந்த ரிப்போர்ட்டைப் பார்த்தாலும் என் முதல் கேள்வி, இதை எந்த மொழியில் கேட்டார்கள் என்பதுதான். அடுத்த பேரன்ட்ஸ் மீட்டிங்கில் நீங்களும் அதைக் கேளுங்கள். அறிவியலில் படம் வரைந்தோ செய்து காட்டியோ விளக்க விட்டார்களா, இல்லை எழுதினால்தான் ஏற்றுக்கொள்வார்களா?

கேள்வி: கம்ப்யூட்டரில் நடந்த மேப் குரோத் தேர்வில் பாதிக் கேள்வி தப்பாம். மகள் அழுகிறாள்.

பதில்: அழ வேண்டாம் என்று சொல்லுங்கள், அந்தத் தேர்வே அப்படித்தான். சரியாகச் சொன்னால் அடுத்த கேள்வி கடினமாக வரும், தப்பாகச் சொன்னால் எளிதாகும். சுமார் பாதி சரியாக வருவதுதான் வழக்கம், கெட்டிக்காரப் பிள்ளைக்கும் அதே கதிதான். ஒரு பருவத்துக்கும் அடுத்த பருவத்துக்கும் ஸ்கோர் எவ்வளவு நகர்ந்தது என்று பாருங்கள், அது போதும்.

கேள்வி: சர்வதேசப் பள்ளிகளின் தொடக்கக் கல்வித் திட்டங்களில் ஐபி-யின் (இன்டர்நேஷனல் பேக்கலாரியேட்) பிஒய்பி (பிரைமரி இயர்ஸ் புரோகிராம்) நல்லதா, கேம்பிரிட்ஜ் பிரைமரி நல்லதா?

பதில்: பிஒய்பி 3 முதல் 12 வயது வரை. ஆறு பெரிய கருப்பொருள்களின் கீழ் பாடங்களைக் கலந்து நடத்துவார்கள். வெளித்தேர்வு கிடையாது, கடைசி ஆண்டில் பிள்ளைகள் தாங்களே ஒரு விஷயத்தை ஆராய்ந்து கண்காட்சியாக வைப்பார்கள். கேம்பிரிட்ஜில் பாடவாரியாக இலக்குகள் இருக்கும், பள்ளி விரும்பினால் தொடக்கப் பள்ளி முடிவில் செக்பாயின்ட் தேர்வும் உண்டு. என்னைக் கேட்டால், பெயரைவிட இரண்டாவது மொழிக்கு எத்தனை பீரியட், அந்த மொழியில் கணக்கோ அறிவியலோ உண்மையிலேயே நடக்கிறதா என்று விசாரிப்பேன். வாரத்துக்கு இரண்டு பீரியட் பாட்டும் கதையும் நடத்திவிட்டு இருமொழிப் பள்ளி என்று போர்டு மாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

கேள்வி: ‘வீட்டிலும் ஆங்கிலமே பேசுங்கள், சீக்கிரம் பிடித்துக்கொள்வாள்’ என்கிறார் வகுப்பு டீச்சர். கேட்கவா?

பதில்: வேண்டாம். உங்களுக்கு எந்த மொழியில் கோபப்படவும் கிண்டல் செய்யவும் வருமோ, அதிலேயே பேசுங்கள். வீட்டு மொழியில் ஒரு விஷயத்தைக் காரணத்தோடு விளக்கப் பழகிய குழந்தைக்கு அடுத்த மொழியில் வார்த்தைகளைத்தான் கற்றுக்கொள்ள வேண்டும், யோசிப்பதை இல்லை. இன்னொன்று, ஒரு மொழியில் மட்டும் சொல்வளச் சோதனை வைத்து ‘குறைவு’ என்று எழுதியிருந்தால், இரண்டு மொழியிலும் சேர்த்து எண்ணிப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். தாராளமாகக் கேட்கலாம், டீச்சர் கோபித்துக்கொள்ள மாட்டார்.