மித்தித்தா, மித்தெத்தா?

இலத்தீன் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, செண்பகனூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற இலத்தீன் ஆசிரியர் பதில் எழுதுகிறார்.

ஐயா, தாவரவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். செடிகளின் பெயர்கள் புரிய வேண்டுமென்று இலத்தீனைச் சொந்தமாகப் படிக்கத் தொடங்கினேன். வினைச்சொற்கள் நான்கு வகை என்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கம் பக்கமாக அட்டவணை. எதை மனப்பாடம் செய்வது, எதை விடுவது?
- ஒரு வாசகி, கோத்தகிரி

அட்டவணையைக் கொஞ்ச நாள் மூடி வையுங்கள். பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணம் எழுதியிருப்பீர்களே, அதுதான் உங்களுக்குச் சாவி. 'நடந்தோம்' என்றால் நட பகுதி, த் இடைநிலை, ஓம் விகுதி. இலத்தீனில் 'அமாபாமுஸ்' என்றால் நேசித்து வந்தோம். 'அமா' பகுதி, 'பா' காலம் காட்டும் இடைநிலை, 'முஸ்' விகுதி. அதே வரிசை, அதே வேலை. ஓ அல்லது ம் என்று முடிந்தால் நான், ஸ் என்றால் நீ, முஸ் நாம், திஸ் நீங்கள், ந்த் அவர்கள். த் என்று முடிந்தால் அவன், அவள், அது மூன்றுக்கும் பொது. செயல் முடிந்துவிட்டதைச் சொல்லும் இறந்தகாலத்துக்கு மட்டும் வேறு விகுதிகள். அவற்றை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

நமக்குக் கிடைக்கும் புத்தகங்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. ஆங்கில வினையில் ஆளைக் காட்டும் விகுதி ஏறக்குறைய இல்லை. அதனால் அந்த ஆசிரியர்கள் இதை வெகுநேரம் விளக்க வேண்டியிருக்கிறது. 'வருகிறேன்' என்று சொன்னாலே 'நான்' அதில் அடங்கிவிட்டது என்பதைத் தமிழ்ப் பிள்ளைக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். இலத்தீனைத் தமிழ் வழியாகப் படியுங்கள் என்று வகுப்பில் ஓயாமல் சொன்னேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.

உழைப்பு தேவைப்படும் இடம் வேறு. 'மித்தித்' என்றால் அனுப்புகிறான். 'மித்தெத்' என்றால் அனுப்புவான். ஆனால் 'மொனெத்' என்றால் எச்சரிப்பான் அல்ல, எச்சரிக்கிறான்! மித்தெத், மொனெத் இரண்டும் ஒரே மாதிரி முடிகின்றன. காலம் மட்டும் வேறு. முதல் இரண்டு வகை வினைகள் எதிர்காலத்துக்கு 'பி' போன்ற இடைநிலையைச் சேர்க்கும்: மொனேபித், எச்சரிப்பான். மூன்றாம், நான்காம் வகைகள் உயிரெழுத்தை மாற்றியே எதிர்காலம் காட்டும். ஆகவே ஒரு வினையைப் படிக்கும்போதே அது எந்த வகை என்று தெரிந்திருக்க வேண்டும். அகராதியில் வினைக்கு நான்கு வடிவம் கொடுத்திருப்பார்கள். இரண்டாவது வடிவத்தில் வகை தெரியும்: அமாரெ, மொனேரெ, மித்தெரெ, அவுதீரெ. 'ரெ'க்கு முன்னால் ஆ, ஏ, எ, ஈ. இரண்டாவதில் நெடில், மூன்றாவதில் குறில். குறில் நெடில் பிரித்துப் பழகிய வாய்க்கு இது கஷ்டமே இல்லை. சத்தம் போட்டுப் படியுங்கள்.

தாவரவியலுக்கு நான்காவது வடிவமும் முக்கியம். நம் மலைகளில் சீகை என்று சொல்கிறோமே, அதில் ஒன்றின் பெயர் அகேசியா டீல்பாட்டா. வெள்ளையடித்தல் என்ற முதல் வகை வினையின் நான்காவது வடிவத்திலிருந்து வந்தது. 'வெள்ளையடிக்கப்பட்டது' என்று பொருள். இளங்கிளையையும் இலையையும் கிட்டத்தில் பாருங்கள், வெளிறிய பூச்சு ஒன்று படிந்திருக்கும். இன்னொரு சீகை அகேசியா டெகரன்ஸ். 'கீழ்நோக்கி ஓடுகிற' என்ற பெயரெச்சம் அது. இளங்கிளையை விரலால் தடவினால் இலைக்காம்பின் அடியிலிருந்து வரம்பு ஒன்று தண்டோடு கீழே இறங்குவது தட்டுப்படும். பெயர் வைத்தவர் எதைப் பார்த்தாரோ அதை நீங்களும் தொட்டுப் பார்க்கலாம். இப்படி ஒவ்வொரு செடியோடும் ஒரு வினையைப் படித்தால் எந்த அட்டவணையும் தானாக நிறையும்.

இவன், அவன் என்று நமக்கு இரண்டு போதும்போது இலத்தீனில் ஹிக், இஸ்தெ, இல்லெ என்று மூன்று எதற்கு? பாலும் சேர்ந்து குழப்புகிறது.
- ஒரு வாசகர், பெருமாள்மலை

நமக்கும் மூன்றுதான், தம்பி. அ, இ, உ மூன்றும் சுட்டு என்று தொல்காப்பியம் சொல்கிறது. உவன், உது என்பவை நம் பேச்சிலிருந்து போய்விட்டன. யாழ்ப்பாணத்துத் தமிழில் இன்றும் வாழ்கின்றன. பேசுபவர் பக்கம் இருப்பது ஹிக். கேட்பவர் பக்கம் இருப்பது இஸ்தெ. இருவருக்கும் எட்ட இருப்பது இல்லெ. நீதிமன்றத்தில் எதிராளியைச் சுட்டிச் சொல்லிச் சொல்லி, இஸ்தெவுக்கு இளக்காரமும் ஏறியது. சிசிலியின் ஆளுநராக இருந்த வெர்ரெஸ்மீது கி.மு. 70இல் வழக்கு நடத்திய ரோமானியப் பேச்சாளர் சிசரோ, அவனை இஸ்தெ என்றே திரும்பத் திரும்பக் குறிப்பிடுகிறார். இல்லெவுக்கோ 'அந்தப் பெயர்பெற்ற' என்ற மதிப்பும் உண்டு.

பால் விஷயத்தில் மட்டும் தமிழ் கைகொடுக்காது. நமக்கு மலை, மரம், ஆறு எல்லாம் அஃறிணை. இலத்தீனில் மலை ஆண்பால்: ஹிக் மோன்ஸ். மரம் பெண்பால்: ஹைக் ஆர்போர். ஆறு பொதுப்பால்: ஹோக் ஃப்லூமென். பெயர்ச்சொல்லைத் தனியாகப் படிக்காமல் முன்னால் ஹிக், ஹைக், ஹோக் சேர்த்தே படியுங்கள். 1960களின் நடுப்பகுதி வரை திருப்பலி இலத்தீனில் நடந்தது. 'இது என் உடல்' என்பதற்கு அப்பத்தின் மேல் 'ஹோக் எஸ்த்' என்றும், 'இது என் இரத்தத்தின் கிண்ணம்' என்பதற்குக் கிண்ணத்தின் மேல் 'ஹிக் எஸ்த்' என்றும் குருவானவர் தொடங்குவார். உடல் என்ற சொல் பொதுப்பால், கிண்ணம் ஆண்பால், வித்தியாசம் அவ்வளவுதான். இன்னொரு நிம்மதி: 'இதனுடைய', 'இதற்கு' என்ற ஒருமை வேற்றுமைகளில் மூன்று பாலுக்கும் ஒரே வடிவம், ஹுயுஸ், ஹுயிக்.

பாடகர் குழுவில் 'இன் சேலிஸ்' என்று பாடுகிறோம். மகனின் புத்தகத்தில் 'கைலிஸ்' என்று இருக்கிறது. எது சரி?
- ஒரு வாசகி, உதகை

இரண்டும் சரி. சேலிஸ் திருச்சபை உச்சரிப்பு, கைலிஸ் சிசரோ காலத்து உச்சரிப்பு. கோயிலில் உங்கள் குழு பாடுகிறபடியே பாடுங்கள். மகன் தன் புத்தகப்படி படிக்கட்டும். ஒரே பாடத்துக்குள் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.