நெஃபர்தாரி கல்லறையின் வெற்றுத் திட்டுகள் – கடிதம்

வணக்கம்.

எகிப்தியக் கல்லறைகள் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். 2019இல் நானும் லக்சர் போயிருந்தேன். அரசி நெஃபர்தாரியின் கல்லறைக்குள் இறங்கியதும் அந்த நிறங்களைப் பார்த்து அழுதே விட்டேன். மூவாயிரம் வருடத்துக்கு மேல் ஆகியும் நேற்று தீட்டியது போல இருந்தது. ஆனால் ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. பல இடங்களில் படமே இல்லை. உதிர்ந்த இடத்தில் மண் நிறத்தில் ஏதோ பூசி அப்படியே விட்டிருக்கிறார்கள். அத்தனை பணமும் ஆளும் இருந்தும் ஒரு நல்ல ஓவியரை வைத்து அதை ஏன் நிரப்பவில்லை? இன்னொன்று, நம் மூச்சுக்காற்றே சுவரைக் கெடுக்கும் என்று எங்கள் வழிகாட்டி சொன்னார். அப்படியானால் தோண்டாமலே விட்டிருக்கலாமே? அடுத்த வருடம் அம்மாவை அங்கே அழைத்துப்போக நினைக்கிறேன். போவது தப்பா?

அன்புடன்,
எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

அந்த வெற்றுத் திட்டுகளை யோசித்துத்தான் விட்டுவைத்திருக்கிறார்கள். எனக்கு அந்தக் கல்லறையில் ஓவியங்களுக்கு இணையாகப் பிடித்தது அந்தத் திட்டுகள்தான். ஏன் என்று சொல்ல வேண்டுமானால், முதலில் சுவர் எதனால் உதிர்ந்தது என்று சொல்ல வேண்டும்.

வீட்டுச் சுவரில் ஈரம் ஏறினால் உப்புப் பூக்கும், பார்த்திருப்பீர்கள். முதலில் வெள்ளையாகப் பொடி தட்டும். அப்புறம் பெயின்ட் பொரிந்து எழும்பும். கடைசியில் பூச்சே பெயர்ந்து விழும். நெஃபர்தாரி கல்லறையில் நடந்ததும் அதேதான். அரசியர் பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக்கல் அந்த இடத்தில் விரிசல் விட்ட, தரம் குறைந்த கல். நேராகக் கல்லில் செதுக்க முடியாது. அதனால் கைவினைஞர்கள் பாறைமேல் கனமாகப் பூச்சு ஏற்றி, அந்தப் பூச்சில் உருவங்களைப் புடைப்பாகச் செதுக்கி, அதன்மேல் வண்ணம் தீட்டினார்கள். கல்லுக்குள் சோற்றுப்பு இருந்தது. பூச்சைக் குழைக்க ஊற்றிய தண்ணீர் அந்த உப்பைக் கரைத்தது. எப்போதோ பெய்யும் பெருமழையின் கசிவும் சேர்ந்துகொண்டது. தண்ணீர் ஆவியாகும்போது உப்பு பாறைக்கும் பூச்சுக்கும் நடுவே படிகமாக வளர்ந்தது. படிகம் வளர வளரப் பூச்சை உள்ளிருந்து வெளியே தள்ளியது. சில இடங்களில் வண்ணத்துக்குக் கீழேயே வளர்ந்து வண்ணத்தை மட்டும் செதில் செதிலாக உரித்தது.

1904இல் இத்தாலியின் தூரின் நகர அருங்காட்சியக இயக்குநர் எர்னெஸ்டோ ஸ்கியாபரெல்லி இந்தக் கல்லறையைக் கண்டுபிடித்தபோதே உதிர்வு தொடங்கிவிட்டிருந்தது. கொள்ளையரும் பண்டைக் காலத்திலேயே வந்துபோயிருந்தார்கள். உடைந்த இளஞ்சிவப்பு கிரானைட் சவப்பேழை மூடி, நாரில் பின்னிய ஒரு ஜோடி செருப்பு, சிறு பதுமைகள், மம்மியாக்கப்பட்ட கால்களின் துண்டுகள், இப்படிச் சிலதான் மிச்சம். எகிப்திய அரசர் இரண்டாம் ராம்சேஸின் பட்டத்தரசி, அவளுக்கு மிஞ்சியது அவ்வளவுதான். சுவர் மட்டும் இருந்தது. ஸ்கியாபரெல்லி செய்த பெரிய உபகாரம், அந்தச் சுவர்களைக் கண்ணாடித் தகடுகளில் படம் எடுத்து வைத்தது. பின்னால் வந்தவர்கள் அந்தப் படங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான், அதற்குப் பிறகு எவ்வளவு போயிருக்கிறது என்று கண்டார்கள்.

1986இல் எகிப்தின் தொல்பொருள் அமைப்பும் அமெரிக்காவின் கெட்டி காப்பு நிறுவனமும் சேர்ந்து வேலையைத் தொடங்கின. தொடங்கிய உடனே யாரும் தூரிகையையும் கரண்டியையும் எடுக்கவில்லை. பாறை, நீர், காற்றின் ஈரம், உப்பு, நுண்ணுயிர், நிறமி என்று ஒவ்வொன்றாக ஆராய்ந்தார்கள். ஆனால் ஆய்வு முடியும்வரை சுவர் காத்திருக்காதே. செதில்கள் தொங்கிக்கொண்டிருந்தன. அதனால் 1987இல் ஒரு அவசர வேலை செய்தார்கள். ஜப்பானிய மல்பெரி காகிதத்தைச் சிறு பட்டைகளாக வெட்டி, விழப்போகும் இடங்களில் கட்டுப்போடுவது போல ஒட்டினார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பட்டைகள். பின்னால் சிகிச்சை நடக்கும்போது ஒவ்வொன்றையும் அலுங்காமல் எடுத்தாக வேண்டும் என்று தெரிந்தே ஒட்டினார்கள். இந்த ஒரு விவரத்தைப் படித்த நாளில் எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

பாவ்லோ மோரா, லாரா மோரா என்ற ரோமாபுரித் தம்பதி தலைமையில் இத்தாலிய, எகிப்தியக் காப்பாளர்கள் 1992 வரை அங்கே வேலை செய்தார்கள். பூச்சுக்குப் பின்னால் இருந்த உப்பை நீக்கி, தொங்கிய பூச்சை மறுபடி பாறையோடு ஒட்டவைத்து, பழைய செப்பனிடல்களில் கெடுதல் செய்தவற்றைக் களைந்து, தூசியைத் துடைத்தார்கள். புதிதாக ஓவியம் தீட்டவில்லை. நீங்கள் நேற்று தீட்டியது போல என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த நிறம் முழுக்கப் பழைய கையின் நிறம். அதைச் சந்தேகமில்லாமல் சொல்ல முடிவதே, அந்தத் திட்டுகளை வெறுமையாக விட்டதால்தான்.

யோசித்துப் பாருங்கள். ஒரு கெட்டிக்கார ஓவியர் வந்து அரசியின் இல்லாத பாதியை நிரப்பியிருந்தால் நமக்குக் கண் நிறைந்திருக்கும். ஆனால் அதற்குப் பிறகு மீதிப் பாதியையும் நம்ப முடியாது. இந்தக் கண்ணின் கோடு அவர்கள் போட்டதா, இவர் போட்டதா? கன்னத்தில் அந்தச் சிவப்பு நிழல் அப்போதையதா, இப்போதையதா? ஸ்கியாபரெல்லியின் படங்கள் இருக்கின்றனவே, அதைப் பார்த்து வரையலாமே என்று கேட்கலாம். அவை கறுப்பு வெள்ளைப் படங்கள். அவர் வருவதற்கு முன்பே உதிர்ந்தவற்றுக்கு அதுவும் கிடையாது. வரைபவர் ஊகித்துத்தான் வரைய வேண்டும். ஊகத்தைக் காகிதத்தில் வரையலாம், கணினியில் வரையலாம், தப்பென்றால் மாற்றிக்கொள்ளலாம். அந்தச் சுவரில் வரையக் கூடாது. திட்டை மண் நிறத்தில் அடக்கமாகப் பூசியிருப்பதும் இதற்காகத்தான். வெள்ளையாக விட்டால் கண் அங்கேயே போய் நிற்கும்.

சரி, உங்கள் இரண்டாவது கேள்வி. தோண்டாமலே விட்டிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். இதில் உங்கள் பக்கம் நிறைய நியாயம் இருக்கிறது.

1817இல் பெல்சோனி என்ற இத்தாலியர் முதலாம் சேத்தியின் கல்லறையைத் திறந்தார். அரசர் பள்ளத்தாக்கின் மிக நீண்ட, மிக அழகான கல்லறைகளில் அது ஒன்று. படம் எடுக்கும் கருவி கிடையாது. அதனால் புடைப்புகளை நகலெடுக்க மெழுகை வைத்து அழுத்தி அச்சு எடுத்தார்கள். அடுத்தடுத்து வந்தவர்கள் ஈரக் காகிதத்தை அப்பி எடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் அச்சோடு சேர்ந்து வண்ணமும் வந்தது. எகிப்திய எழுத்தை வாசித்துக் காட்டிய ஷாம்போலியோனே 1829இல் அந்தக் கல்லறையின் சுவரில் ஒரு பகுதியை அறுத்து எடுத்துப்போனார். அது இன்று பாரிஸின் லூவரில் இருக்கிறது. அதன் ஜோடி ஃபிளாரன்ஸ் நகரத்தில். அரசரின் பளிங்குப் பேழையை 1824இல் ஜான் சோன் என்ற கட்டடக் கலைஞர் 2000 பவுண்டு கொடுத்து வாங்கி லண்டனில் தன் வீட்டில் வைத்தார். இன்றும் அங்கேதான் இருக்கிறது. இத்தனைக்கும் இவர்கள் யாரும் அந்த ஓவியங்களை வெறுத்தவர்கள் இல்லை. ஷாம்போலியோனை விட எகிப்தை நேசித்தவர் யார்? நேசித்தவர்களின் கையாலேயே அந்தச் சுவர் இத்தனை இழந்தது என்பதை என்னால் இன்னும் சுலபமாகக் கடக்க முடியவில்லை.

நூறு வருடம் கழித்து, 1922 நவம்பரில் இளம் அரசன் துட்டன்காமூனின் கல்லறை கிடைத்தபோது நிலைமை எவ்வளவோ மாறியிருந்தது. அதைக் கண்டுபிடித்த ஹோவர்ட் கார்ட்டரைப் பற்றி எனக்கு விமர்சனங்கள் உண்டு, ஆனால் அவர் அவசரப்படவில்லை. சிறிய கல்லறைதான், அதிலிருந்த 5398 பொருள்களை வெளியே எடுக்கப் பத்து வருடம் எடுத்துக்கொண்டார். ஹாரி பர்ட்டன் ஒவ்வொரு பொருளையும் இருந்த இடத்திலேயே படம் எடுத்தார். ஆல்ஃப்ரட் லூகஸ் என்ற வேதியியலாளரும் ஆர்தர் மேஸும் பக்கத்தில் இருந்த இரண்டாம் சேத்தியின் கல்லறையைப் பட்டறையாக வைத்துக்கொண்டார்கள். மணிகள் கோத்த ஆடையோ செருப்போ கிடைக்கும், கோத்த நூல் மக்கிப் பொடியாகியிருக்கும். தொட்டால் ஆயிரக்கணக்கான மணிகள் சிதறிவிடும், எந்த மணிக்கு அடுத்து எந்த மணி என்பது அதோடு போய்விடும். அதற்கு மெழுகை உருக்கி ஊற்றி, மணிகளை இருந்த வரிசையிலேயே உறையவைத்துத் தூக்கினார்கள். பெல்சோனியின் மெழுகு வண்ணத்தைப் பிடுங்கியது, லூகஸின் மெழுகு வரிசையைக் காப்பாற்றியது.

அப்படிப்பட்டவர்களிடமும் போனவை போயின. 1924 பிப்ரவரியில் கார்ட்டருக்கும் எகிப்திய அரசுக்கும் தகராறு வந்து வேலை நின்றது. கல்லறை பூட்டப்பட்டது. பேழையைச் சூழ்ந்த மரக்கூடுகளின் மேல் விரித்திருந்த, உலோகப் பூக்கள் தைத்த ஒரு பெரிய லினன் துணி வெளியே பட்டறைப் பக்கம் இருந்தது. கவனிக்க ஆளில்லாமல் அது பாழாய்ப் போனது. மூவாயிரம் வருடம் தாங்கிய துணி ஒரு சண்டையைத் தாங்கவில்லை. அடுத்த வருடம் மம்மியைத் திறந்தார்கள். அதன்மேல் ஊற்றியிருந்த பிசின் இறுகிப் பேழையோடு ஒட்டியிருந்தது. வெயிலில் வைத்துப் பார்த்தார்கள், இளகவில்லை. கடைசியில் உடலைத் துண்டுகளாகத்தான் எடுத்தார்கள். ஏறத்தாழ 19 வயதில் இறந்த பையன் அவன். இதை எழுதும்போதும் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

அப்படியானால் தோண்டாமலே விட்டிருக்கலாமா? மண்ணுக்குள் இருப்பதெல்லாம் பத்திரமாக இருக்கும் என்றால் நானும் உங்களோடு சேர்ந்து அதைத்தான் சொல்வேன். ஆனால் அப்படி இல்லை. அரசர் பள்ளத்தாக்கில் திடீர் வெள்ளம் வந்தால் கல்லறைக்குள் சேறு இறங்கும். நிலத்தடி நீர் ஏறினால் உப்பு ஏறும். எகிப்தில் 2011இல் ஆட்சிக்கு எதிராக எழுந்த கலவரத்துக்குப் பிறகு காவல் குறைந்த இடங்களிலெல்லாம் திருட்டுக் குழிகள் பெருகின. திருடன் தோண்டினால் சிலை மட்டும் வெளியே வரும், அது எங்கே, எதனோடு, எந்த மண்ணடுக்கில் இருந்தது என்பதெல்லாம் அழிந்துவிடும். ஆகவே ஆபத்தில் இருக்கும் இடத்தைத் தோண்டத்தான் வேண்டும். ஆபத்தில்லாத இடத்தைக் கொஞ்சமாவது தொடாமல் அடுத்த தலைமுறைக்கு விட வேண்டும். தோண்டும்போதே, எடுத்ததை யார் காப்பாற்றப்போகிறார்கள், எந்தக் காசில், எத்தனை வருடம் என்பதற்குப் பதில் கையில் இருக்க வேண்டும். புதிய கல்லறை கிடைத்தது என்ற செய்தி வரும்போதெல்லாம் நான் முதலில் தேடுவது காப்பாளர்கள் யார் என்பதைத்தான். பெரும்பாலும் செய்தியில் அது இருக்காது.

மூச்சுக்காற்று பற்றி உங்கள் வழிகாட்டி சொன்னது சரிதான். நம் மூச்சிலும் வியர்வையிலும் இருக்கும் ஈரம் உப்பை மறுபடி கரைக்கும். ஆள் வெளியேறிக் காற்று காய்ந்ததும் அது மறுபடி படிகமாகும். ஒரு கூட்டம் வர, ஒரு கூட்டம் போக, சுவருக்குள் இதுவே நடந்துகொண்டிருக்கும். அதனால்தான் 1995இல் நெஃபர்தாரி கல்லறையைத் திறந்தபோது ஒரு நாளைக்கு 150 பேர் என்று கட்டுப்படுத்தினார்கள். துட்டன்காமூன் கல்லறையிலோ சுவரெங்கும் பழுப்புப் புள்ளிகள். பயணிகளால் பரவுகிறதோ என்று பயம் இருந்தது. 2009இல் தொடங்கிய காப்புப் பணியில் பர்ட்டன் எடுத்த பழைய படங்களோடு ஒப்பிட்டார்கள், புள்ளிகள் வளரவே இல்லை. அவை செத்துப்போன நுண்ணுயிர்களின் கறை. சுவர் காய்வதற்குள் அவசரமாகக் கல்லறையை மூடியதால் வந்திருக்கலாம் என்று ஒரு விளக்கம் உண்டு. வண்ணத்துக்குள்ளேயே ஊறிவிட்டதால் அதை நீக்க முயலாமல் விட்டுவிட்டார்கள். காற்றோட்டத்தையும் நடைபாதையையும் சீர்செய்தார்கள். இங்கேயும் அதே நிதானம்தான்.

அம்மாவை அழைத்துப்போவது தப்பே இல்லை. கட்டாயம் போங்கள். எந்தெந்தக் கல்லறை திறந்திருக்கிறது என்று கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள், அவ்வப்போது மூடுவார்கள். நெஃபர்தாரி கிடைக்காவிட்டால் மனம் விட்டுவிட வேண்டாம். கார்ட்டர் குடியிருந்த வீடு லக்சரின் மேற்குக் கரையில் இருக்கிறது. அதன் பக்கத்தில் 2014இல் துட்டன்காமூன் கல்லறையின் நகல் ஒன்றைத் திறந்திருக்கிறார்கள். உண்மைச் சுவரை லேசர் கொண்டு அளந்து, பழுப்புப் புள்ளி உட்பட அப்படியே செய்தது. அங்கே அம்மா வேண்டுமட்டும் நிற்கலாம், சுவருக்குக் கிட்டே போகலாம், மூச்சு விடலாம்.

அங்கே ஒன்றை மட்டும் தேடிப் பாருங்கள். உண்மையான கல்லறையில் முன்கூடத்துக்கும் பேழை அறைக்கும் நடுவே ஒரு தடுப்புச் சுவர் இருந்தது. தங்கத் தகடு போர்த்திய பெரிய மரக்கூடுகளை வெளியே எடுக்க அதை உடைக்க வேண்டியிருந்தது. அதில் தீட்டியிருந்த ஓவியத்தின் ஒரு பகுதி அப்போது போனது. அரசனை வரவேற்கும் ஐசிஸ் தேவியும் அவளுக்குப் பின்னால் மூன்று தெய்வங்களும் இருந்த பகுதி அது. உண்மைக் கல்லறைக்குப் போகிறவர்கள் அதைப் பார்க்க முடியாது. பர்ட்டனின் படத்தை வைத்து அந்தப் பகுதியை மட்டும் மறுபடி உருவாக்கியிருக்கிறார்கள். நகல்தானே, அதன் சுவரிலேயே பொருத்தியிருக்கலாம். பொருத்தாமல் தனியாக வைத்திருக்கிறார்கள்.

அன்புடன்.