வெட்டுண்ட தலையோடு ஒரு பெண்: யூதித்தா, சலோமியா?

கேள்வி: ஐரோப்பிய ஓவியங்களில் ஆணின் வெட்டுண்ட தலையோடு நிற்கும் பெண் யூதித்தா, சலோமியா என்று குழப்பமாக இருக்கிறது. தலைப்பைப் படிக்காமல் கண்டுபிடிக்க வழி உண்டா?

பதில்: முகத்தைப் பார்த்துப் பயனில்லை. இரண்டு தலைகளுக்கும் தாடி உண்டு, இரண்டு பெண்களும் பட்டுடுத்தித்தான் நிற்பார்கள். முதலில் தலை எதில் இருக்கிறது என்று பாருங்கள். அடுத்து, வாள் யார் கையில்?

விவிலியத்தின் யூதித்து நூல் 13ஆம் அதிகாரத்தில், அசீரியத் தளபதி ஒலோபெரின் குடிமயக்கத்தில் கட்டிலில் கிடக்கிறான். தன் ஊரைக் காக்க வந்த யூதப் பெண் யூதித்து அவனுடைய வாளையே உருவி, கழுத்தில் இருமுறை வெட்டுகிறாள். தலை, பணிப்பெண்ணின் உணவுப் பைக்குள் போகிறது. ரோமில் பார்பெரீனி அரண்மனையில் உள்ள, இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜோவின் யூதித்து ஓவியத்தில் கிழவி ஒருத்தி துணியும் கையுமாக நிற்பது அதற்காகத்தான். (பிராட்டஸ்டன்ட் பைபிளில் இந்த நூலைத் தேடாதீர்கள், கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் இருக்கிறது.)

சலோமி வெட்டுவதில்லை, கேட்டு வாங்குகிறாள். மாற்கு நற்செய்தி 6ஆம் அதிகாரம்: மன்னன் ஏரோதின் பிறந்தநாள் விருந்தில் ஆடிய பெண், தாய் ஏரோதியாள் சொல்லிக்கொடுத்தபடி, இறைவாக்கினர் திருமுழுக்கு யோவானின் தலையைத் தட்டில் கேட்கிறாள். அதனால் அவளுக்குத் தட்டு, வாள் காவலனிடம். நற்செய்தியில் அவள் பெயர் இல்லை. அது யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் வழியாக வந்தது.

கிழவி இருக்கிறாளே என்று யூதித்து என முடிவுகட்டினால் ஏமாறுவீர்கள். லண்டன் நேஷனல் கேலரியில் உள்ள கரவாஜ்ஜோவின் சலோமிக்குப் பக்கத்திலும் ஒரு கிழவி உண்டு. ஆனால் அங்கே தலைமயிரைப் பிடித்துத் தட்டில் வைப்பவன் கொலையாளி. சலோமி முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

வாள், தட்டு இரண்டும் ஒரே பெண்ணிடம் இருந்தால்தான் சிக்கல். 17ஆம் நூற்றாண்டு இத்தாலியர் பிரான்செஸ்கோ மாஃபெய் வரைந்த ஓவியம் ஒன்று அப்படிப்பட்டது. கலை வரலாற்றாசிரியர் எர்வின் பனோஃப்ஸ்கி அதை யூதித்து என்றார். தட்டோடு கூடிய யூதித்து ஓவியங்கள் ஜெர்மனியிலும் வட இத்தாலியிலும் ஏற்கெனவே இருந்தன. வாளேந்திய சலோமிக்கு அப்படி ஒரு மரபு கிடையாது. காரணம் எளிது: தட்டில் வைத்த யோவானின் தலை தனி வழிபாட்டு உருவமாகவே பரவியிருந்ததால், தட்டு வேறு கதைகளுக்கும் ஒட்டிக்கொண்டது. வாளோ வீராங்கனைக்குரிய சிறப்பு. அதைச் சலோமிக்குக் கொடுக்க ஓவியர்களுக்கு மனம் வரவில்லை.

அருங்காட்சியகத் தலைப்பையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிட முடியாது. இத்தாலிய ஓவியர் டிஷியனின் ஓவியம் ஒன்று யூதித்தா சலோமியா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. 1901இல் ஆஸ்திரிய ஓவியர் கிளிம்ட் தன் ஓவியத்தின் சட்டகத்திலேயே யூதித்தின் பெயரைப் பொறித்தும், அந்த ஓவியத்தைச் சலோமி என்றவர்கள் உண்டு.

தலை வெட்டப்படாமல், பெண்ணின் கையில் சுத்தியலும் கூடார முளையும் இருந்தால் இருவருமே இல்லை; அவள் பகைத் தளபதியைக் கூடார முளையால் கொன்ற யாவேல். விவிலியத்தில் நீதித்தலைவர்கள் நூலின் 4ஆம் அதிகாரத்தைப் புரட்டுங்கள்.