டி-55 முதல் டி-90 வரை: எந்த கிட்டை வாங்கலாம்?

சோவியத் வடிவமைப்பு டாங்கிகள், அவற்றின் ஏற்றுமதி வகைகள் ஆகியவற்றைச் சிறிய மாதிரிகளாக ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் கிட்டுகள் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள். தமியா, மெங், மினிஆர்ட் என்று வருபவை கிட் தயாரிக்கும் நிறுவனங்கள். அளவு சொல்லாத இடங்களில் 1/35, அதாவது உண்மை வண்டியின் 35-இல் ஒரு பங்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணா, ஆவடியில் உருவான அஜேயாவைச் செய்ய ஆசை. தமியாவின் டி-72எம்1 போதுமா?

தாராளமாகப் போதும் தம்பி. இந்திய ராணுவத்தின் அஜேயா என்பதே டி-72எம்1தான். கிட் பழசு, ஆனால் பாகங்கள் பொருந்துவதில் தமியா தமியாதான். ஒன்றை மட்டும் முதலில் முடிவு செய்துவிடுங்கள்: தொடக்க கால வண்டியா, பிறகு ஈஆர்ஏ கட்டிகள் (குண்டு பட்டதும் வெடித்து அதன் வேகத்தைக் குறைக்கும் கவசக் கட்டிகள்) ஏற்றிய வண்டியா? இரண்டாவது என்றால் கட்டிகளை நீங்களேதான் வெட்டி ஒட்ட வேண்டியிருக்கும்.

கையில் டி-72எம் கிட் இருக்கிறது. அதை எம்1 ஆக்க முடியுமா?

பாதி வேலை சுலபம், பாதி முதுகை ஒடிக்கும். எம்1-க்கு முன் சரிவுத் தகட்டின் மேல் 16 மி.மீ. கூடுதல் எஃகுத் தகடு உண்டு. 35-ஆல் வகுத்தால் 0.46 மி.மீ. கடையில் கிடைக்கும் அரை மி.மீ. பிளாஸ்டிக் ஷீட் கச்சிதம். சரிவின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, விளிம்பைப் பென்சிலால் கோடு எடுத்து, டேப்பை உரித்து ஷீட்டில் ஒட்டி வெட்டுங்கள். ஓட்டுநரின் பெரிஸ்கோப்புக்குக் கீழே உள்ள வெட்டை மறக்க வேண்டாம். பசையை ஓரத்தில் மட்டும் தொட்டு வையுங்கள், தானே உள்ளே ஓடும். நடுவில் ஊற்றினால் ஷீட் உப்பிவிடும். ஓரத்தில் தெரியும் படியைத் தேய்த்து மழுப்பிவிடாதீர்கள், உண்மை வண்டியிலும் அது தெரியும்.

சிக்கல் டர்ரெட்டில், அதாவது பீரங்கியோடு சுழலும் மேல்கூட்டில். எம்1-இன் டர்ரெட் கன்னங்கள் தடித்தவை, உள்ளே நிரப்புக் கவசம் வைத்தவை. எபாக்சி புட்டி வைத்து இரண்டு பக்கமும் ஒரே மாதிரி செதுக்கப் பொறுமை இருந்தால் செய்யுங்கள். எனக்கு இல்லை. எம்1 கிட்டையே வாங்கிவிடுவேன்.

தேடுவிளக்கு ஒரு படத்தில் இடப்பக்கம், இன்னொன்றில் வலப்பக்கம். எது சரி?

இரண்டும் சரி. தொடக்க கால டி-72 யூராலில் அகச்சிவப்பு விளக்கு பீரங்கிக்கு இடப்பக்கம். டி-72ஏ, எம்1 வகைகளில் வலப்பக்கம்.

மெங் டி-90ஏ கிட்டில் பீஷ்மா (இந்தியாவின் டி-90எஸ்) செய்யலாமா?

செய்யலாம். பீரங்கிக்கு இருபுறமும் சிவப்புக் கண்கள் போல இருக்கும், ஏவுகணையைத் திசைதிருப்பும் ஷ்தோரா விளக்குகளைக் கழற்றிவிடுங்கள். இந்தியாவின் டி-90எஸ்ஸில் அவை கிடையாது, அந்த இடத்தில் கான்டாக்ட்-5 என்ற ஈஆர்ஏ கட்டிகள் இருக்கும். இன்னொன்று, முதலில் வந்த சில வண்டிகளுக்கு வார்ப்பு டர்ரெட், மெங் கிட்டில் இருப்பதோ வெல்டிங் டர்ரெட். அதனால் பிந்தைய வண்டியின் புகைப்படத்தைப் பார்த்துச் செய்யுங்கள்.

டி-54, டி-55, டி-62... எனக்கு எல்லாம் ஒன்று போலவே தெரிகிறது!

சக்கரங்களைப் பாருங்கள். டி-54, டி-55 இரண்டிலும் முதல் சக்கரத்துக்கும் இரண்டாவதற்கும் நடுவில்தான் பெரிய இடைவெளி. டி-62-இல் பின்பக்கச் சக்கரங்களுக்கு நடுவில். டர்ரெட் மேல் வலப்புறம் காளான் போன்ற காற்றுப்போக்கி மூடி இருந்தால் டி-54, இல்லாவிட்டால் டி-55. சீனாவின் டைப் 59 டி-54ஏ வழி வந்தது.

அப்புறம், தமியாவின் பழைய பெட்டியில் ‘டி-62ஏ’ என்றிருக்கும். சோவியத்தில் அந்தப் பெயர் 100 மி.மீ. பீரங்கி கொண்ட வேறொரு சோதனை வண்டிக்குரியது. பெட்டிக்குள் இருப்பது 115 மி.மீ. பீரங்கி கொண்ட சாதாரண டி-62. பெட்டிப் பெயரை நம்பி வாதம் செய்து மூக்குடைபட்டவர்களில் நானும் ஒருவன்.

டி-55ஏ-வுக்குத் தமியாவா, மினிஆர்ட்டா?

வார இறுதியில் முடிக்கத் தமியா. போலந்துத் தயாரிப்பு, செக்கோஸ்லோவாக்கியத் தயாரிப்பு என்று பிரித்துச் செய்ய மினிஆர்ட். ஆனால் சிறு பாகங்கள் ஏராளம், கண்ணுக்கு நல்ல வெளிச்சம் வேண்டும்.

ரப்பர் டிராக் (சக்கரங்களைச் சுற்றி ஓடும் பட்டை) போதுமா, தனித்தனிக் கண்ணிகள் வாங்கணுமா?

என்னிடம் ஒரு டி-72, மூன்று வருடம் அலமாரியில் நின்றது. ஒருநாள் தூசி தட்டினால் டிராக் நகரவில்லை. ரப்பர் டிராக் என்று நாம் சொல்லும் மென்மையான வினைலில் இருந்த எண்ணெய்ப் பசை சக்கரத்தின் பிளாஸ்டிக்கையே உருக்கி ஒட்டிக்கொண்டிருந்தது. இழுத்தபோது சக்கரத்தின் விளிம்பும் கூடவே பிய்ந்து வந்தது. இப்போதெல்லாம் தனிக் கண்ணிகள்தான். வினைலே போடுவதென்றால், டிராக் தொடும் இடமெல்லாம் பெயின்ட் முழுதாக மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாட்டுங்கள்.