டைவ் வாட்ச் பெயர்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

டைவிங் கற்றுக்கொண்டிருக்கிறேன். மெக்கானிக்கல் வாட்ச் வாங்க இரண்டைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்றின் பெயரிலேயே ‘ப்ரோ’, ‘எக்ஸ்ட்ரீம்’ இரண்டும் உண்டு. 600 மீட்டர், ஹீலியம் வால்வு, ஏதோ தனிப் பெயர் வைத்த எஃகு. மற்றது சாதாரணப் பெயர், 200 மீட்டர். விலை மூன்று மடங்கு வித்தியாசம். இந்தப் பெயர்களுக்குப் பின்னால் ஏதாவது இருக்கிறதா? 200 மீட்டர் வாட்ச் 30 மீட்டருக்கே தாங்காது, கையை வீசினால் அழுத்தம் ஏறிவிடும் என்று நண்பர் ஒருவர் பயமுறுத்துகிறார்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

முதலில் நண்பர் கிளப்பிய பயத்தைத் தீர்த்துவிடலாம். தண்ணீருக்குள் நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் கையை வீசினால் கூடும் அழுத்தம் சுமார் 0.125 பார் (பார் என்பது அழுத்த அலகு; பத்து மீட்டர் இறங்கினால் சுமார் ஒரு பார் கூடும்). ஒன்றேகால் மீட்டர் கூடுதலாக இறங்கியதற்குச் சமம், அவ்வளவுதான். 30 மீட்டரில் வாட்சின் மேல் கூடுதலாக இருப்பது 3 பார். 200 மீட்டர் என்றால் 20 பார். வாட்ச் நல்ல நிலையில் இருந்தால் கையை வீசி அந்த இடைவெளியை எட்டவே முடியாது.

‘எக்ஸ்ட்ரீம்’, ‘ப்ரோ’ போன்ற சொற்களுக்கு எந்த அளவுகோலும் கிடையாது. யார் வேண்டுமானாலும் டயலில் போட்டுக்கொள்ளலாம். அதே இடத்தில் ‘டைவர்ஸ் 200 மீ’ என்று இருந்தால் நிலைமை வேறு. அது டைவ் வாட்சுகளுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 6425ஐக் குறிக்கிறது. அதன்படி ஒவ்வொரு வாட்சையும் தனித்தனியாக, குறித்த ஆழத்தைவிட 25 சதவீதம் அதிக அழுத்தத்தில் சோதிக்க வேண்டும். 200 மீட்டர் வாட்சுக்கு 25 பார். வெறும் ‘வாட்டர் ரெசிஸ்டன்ட்’ என்பது ஐஎஸ்ஓ 22810. அதில் ஒரு தொகுப்பிலிருந்து சில மாதிரிகளைச் சோதித்தால் போதும். சில பெரிய நிறுவனங்கள் ‘டைவர்ஸ்’ என்று அச்சிடுவதில்லை. அப்போது விவரக்குறிப்பில் 6425 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

அந்தத் தரத்தில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை ஒன்று உண்டு. வாட்சை 40 முதல் 45 டிகிரி வரை சூடாக்கி, கண்ணாடியின் மேல் ஒரு துளி குளிர்ந்த நீர் விடுவார்கள். ஒரு நிமிடம் கழித்துத் துடைப்பார்கள். உள்பக்கம் ஆவி படிந்திருந்தால் உள்ளே ஈரம் போயிருக்கிறது, வாட்ச் தோற்றது. எவ்வளவு பெரிய பெயர் வைத்திருந்தாலும் இந்த ஒரு துளிக்குத் தப்ப முடியாது.

ஹீலியம் வால்வு ஏமாற்று அல்ல. ஆனால் அது உங்களுக்கானதும் அல்ல. கடலடி வேலை செய்பவர்கள் நாள்கணக்கில் ஹீலியம் கலந்த வாயு நிரம்பிய அழுத்த அறையில் தங்குவார்கள். அந்த மெல்லிய வாயு, தண்ணீர் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையங்களான கேஸ்கெட்டுகளைக் கடந்து வாட்சுக்குள் போய்விடும். பிறகு அறையின் அழுத்தத்தைக் குறைக்கும்போது அதே வேகத்தில் வெளியேற முடியாமல் கண்ணாடியைப் பிய்த்துத் தள்ளும். அதைத் தடுக்கத்தான் வால்வு. சிலிண்டர் மாட்டி இறங்குபவருக்கு அதனால் பயனே இல்லை. சர்வீஸில் கவனிக்க வேண்டிய இன்னொரு துளை, இன்னொரு கேஸ்கெட், அவ்வளவே.

தனிப் பெயர் வைத்த எஃகும் பெரும்பாலும் தெரிந்த உலோகம்தான். ரோலெக்ஸின் ‘ஆய்ஸ்டர்ஸ்டீல்’ 904எல் வகை. வழக்கமான 316எல்லைவிட அரிப்பை நன்றாகத் தாங்கும், உண்மை. ஆனால் கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் அலசினால் 316எல்லும் பல வருடம் உழைக்கும். அலசும்போது பெசலை, அதாவது கண்ணாடியைச் சுற்றியுள்ள சுழலும் வளையத்தை, சுற்றிக்கொண்டே அலசுங்கள். உப்பும் மணலும் அதன் அடியில்தான் தங்கும்.

துல்லியத்துக்கான பட்டங்களில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. ‘சூப்பர்லேட்டிவ் குரோனோமீட்டர்’ ரோலெக்ஸ் தானே வைத்த அளவு: நாளுக்கு இரண்டு நொடி முன்பின். ‘மாஸ்டர் குரோனோமீட்டர்’ சான்றின் பின்னால் நிறுவனத்துக்கு வெளியே உள்ள மெட்டாஸ் என்ற சுவிஸ் அரசு அமைப்பு இருக்கிறது; 15,000 காஸ் காந்தப்புலத்தோடு நீர் எதிர்ப்பும் அதில் சோதிக்கப்படுகிறது. வெளியாள் சோதிக்கும் பட்டத்துக்கே நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

நேர்மையான பெயருக்கு உதாரணம் 1953இல் வந்த பிளாங்பானின் ‘ஃபிஃப்டி ஃபாதம்ஸ்’. ஐம்பது ஃபாதம் என்றால் சுமார் 91 மீட்டர். பெயரே ஒரு அளவு என்பதால் சரிபார்க்க முடிந்தது. 2022இல் வந்த ரோலெக்ஸ் ‘டீப்சீ சேலஞ்ச்’ 11,000 மீட்டர் தாங்கும். அதற்காகக் கண்ணாடியே 9.5 மில்லிமீட்டர் தடிமன், வாட்ச் 50 மில்லிமீட்டர் அகலம். பொறியியலாக அபாரம். ஆனால் பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லை 40 மீட்டர். ஸ்கூபாவில் மனிதர் தொட்ட சாதனை ஆழமே, 2014இல், 332 மீட்டர்தான்.

ஆகவே 6425 இருந்தால் 200 மீட்டர் வாட்சையே வாங்குங்கள். பெசல் ஒரு பக்கம் மட்டும் சுற்ற வேண்டும். ஈரக் கையால் பிடித்துச் சுற்றிப் பாருங்கள். நிமிட முள் இருட்டில் ஒரு சாண் தூரத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும் டைவ் கம்ப்யூட்டர் கட்டாயம் இருக்கட்டும். வாட்ச் அதற்குத் துணை.

வாட்சுக்குள் தண்ணீர் இறங்குவது பெரும்பாலும் கிரவுன், அதாவது பக்கவாட்டில் உள்ள திருகு, வழியாகத்தான். திருகும்போது முதலில் லேசாகப் பின்பக்கம் சுற்றுங்கள். மரை பொருந்தும் இடம் விரலுக்குத் தெரியும். அப்புறம் அழுத்தி முன்பக்கம் திருகுங்கள். இல்லாவிட்டால் மரை தேயும். தண்ணீருக்குள் கிரவுனைத் தொடவே வேண்டாம். வெந்நீர்க் குளியலும் சோப்பும் கேஸ்கெட்டுக்கு ஆகாது. வருடம் ஒருமுறை அழுத்தச் சோதனை செய்யுங்கள், பின்மூடியைத் திறந்த ஒவ்வொரு முறையும் செய்யுங்கள். கண்ணாடிக்குள் ஆவி தெரிந்தால், தானாக மறைந்துவிட்டாலும், அன்றே கொண்டுபோய்த் திறக்கச் சொல்லுங்கள். உப்புத் தண்ணீர் என்றால் துரு உடனே வேலையைத் தொடங்கிவிடும்.